காரைக்குடி வீட்டுக் கூடத்துல எட்டு ஞாயிறு, எட்டு ராப் ஆல்பம்: எதை, எந்த வரிசையில கேட்கலாம்?

செக்காலை_கேசட்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில பத்துப் பேர் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் ஒரு ராப் ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்கிறதா இருக்கோம். மொத்தம் எட்டு வாரம். பாதிப் பேருக்கு சினிமாவுல வர்ற ராப்பும் யூடியூப் தனிப்பாட்டும்தான் பழக்கம். நாலு பேர் தமிழ்ல எழுதவும் செய்றாங்க.

கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, எந்த எட்டு ஆல்பம்? "இதுதான் பெஸ்ட்"னு பட்டியல் போட வேண்டாம், ஒவ்வொண்ணுலயும் காது எதைப் பிடிக்கணும்னு சொன்னா நல்லாருக்கும். ரெண்டு, அமெரிக்கத் தெருப்பேச்சு பாதி புரியாது, அதை எப்படிச் சமாளிக்கிறது? மூணு, கேட்கப்போற இடம் வளவை (நடுமுற்றம் இருக்கிற கட்டு) ஒட்டின பழைய கூடம். 30 அடி நீளம், 20 அடி அகலம், 15 அடி உயரம், ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுன்னு சுண்ணாம்புச் சுவர். ரெண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கு. வேகமா ராப் பண்ணினா வார்த்தை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கூழாயிடுது. என்ன செய்யலாம்?

தேவகோட்டை_ரெக்கார்டு:

முதல் வாரம் நியூயார்க் ராப்பர் நாஸோட 'இல்மாட்டிக்' வைங்க தம்பி. 1994 ஏப்ரல்ல வந்தது. முன்னுரையோட சேர்த்துப் பத்தே பதிவு, 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். புதுசா கேட்கிறவங்க ஒரே உட்கார்வுல தாங்குற அளவு அதுதான். அந்த ஆல்பத்துல வீண் வரின்னு ஒண்ணைக் காட்ட முடியாது, அதை நான் எங்கேயும் அடிச்சுச் சொல்வேன்.

கேட்கும்போது முதல்ல டிரம்ஸைப் பிடிக்கணும். ராப்புல ஒரு தாளச் சுத்துக்கு 'பார்'னு பேர், ஒரு பாருக்கு நாலு அடி. ரெண்டாவது அடியிலயும் நாலாவது அடியிலயும் 'டப்'னு ஸ்னேர் விழும். எல்லாரும் அந்த ரெண்டுக்கு மட்டும் தொடையில தட்டுங்க. ரெண்டு பாட்டு போறதுக்குள்ள கை தானா வந்துடும். அதுக்கப்புறம் நாஸ் வாக்கியத்தை எங்க முடிக்கிறார்னு கவனிங்க. பார் முடியுற இடத்துல வாக்கியம் முடியாது, அடுத்த பாருக்குள்ள வழிஞ்சு போகும். சினிமா ராப் மட்டும் கேட்ட காதுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி.

அடுத்தது பீட், அதாவது ராப்புக்கு அடியில ஓடுற இசை. ஒரே ஆல்பத்துக்கு டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர், எல்.ஈ.எஸ். அஞ்சு பேரும் பீட் போட்டிருக்காங்க. பீட் ராக் பேரைச் சொன்னாலே கூடவே வர்ற மெஷின் எஸ்பி-1200. 1987ல வந்த சாம்பிளர் (பழைய பாட்டுத் துண்டைப் பதிஞ்சு திரும்ப வாசிக்கிற மெஷின்), 12 பிட், மொத்தமே 10 விநாடிதான் பதியும். இடத்தை மிச்சம் பிடிக்க 33 ஆர்பிஎம் ரெக்கார்டை 45ல ஓடவிட்டுப் பதிஞ்சுட்டு, மெஷினுக்குள்ள வேகத்தைக் குறைச்சுப் பழைய நிலைக்குக் கொண்டு வருவாங்க. பத்து விநாடியில பதிமூணரை விநாடி பாட்டு அடங்கிடும். அப்படி இழுக்கும்போது மேல்சத்தம் போய் ஒரு சொரசொரப்பு வந்து ஒட்டிக்கும். 90கள் நியூயார்க் பீட்டுக்கே உரிய அந்த மணல் தேய்ச்ச மாதிரி சத்தம் பெரும்பாலும் அங்க இருந்து வந்ததுதான். இன்னைக்கு அதுக்குன்னே ப்ளகின் விக்கிறாங்க.

புரியாத பேச்சுக்கு ஒரு வழி: மொத்த ஆல்பத்தையும் மொழிபெயர்க்கப் பாக்காதீங்க. ஒரு பாட்டை மட்டும் எடுங்க. 'இல்மாட்டிக்'ல 'ஒன் லவ்' எடுக்கலாம். சிறையில இருக்கிற சேக்காளிகளுக்கு எழுதுற கடிதம் அது. நம்ம பக்கம் சீட்டுக்கவின்னு ஒரு வகை இருக்கே, அதே குடும்பம். வரிகளை முந்தின நாளே தாள்ல அச்செடுத்து வச்சுக்கிட்டு, முதல் தடவை தாள் இல்லாம, ரெண்டாவது தடவை தாளோட கேளுங்க. தாளை முதல்லயே கையில கொடுத்தா கண்ணு வேலை செய்யும், காது தூங்கிடும்.

ரெண்டாவது வாரம் ஏ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்டோட 'த லோ எண்ட் தியரி', 1991. ஜாஸ் பாஸ் (கனத்த கீழ்ச்சுரத் தந்திக் கருவி) வாசிப்புல பெரிய பேர் ரான் கார்ட்டரே ஒரு பாட்டுல வாசிச்சிருக்கார். கியூ-டிப், ஃபைஃப் டாக் ரெண்டு பேரோட குரலும் நாகஸ்வரத்தையும் ஒத்தையும் போல வேற வேற உயரத்துல நிக்கும்.

மூணாவது வூ-டாங் கிளானோட 'என்டர் த வூ-டாங்', 1993 நவம்பர். ஒன்பது குரல். யார் எப்ப வர்றாங்கன்னு பேர் எழுதிக்கிட்டே கேட்கிறதுதான் அன்னைக்குப் பயிற்சி. நாலாவது 'மேட்வில்லனி', 2004. எம்எஃப் டூம் ராப், மேட்லிப் பீட். 22 பதிவு, 46 நிமிஷம். பல்லவின்னு அநேகமா எதுவும் கிடையாது. அஞ்சாறு அசை நீளத்துக்கு ஒரே உயிரொலி வரிசையைப் பிடிச்சுக்கிட்டு டூம் போவார். எழுதுற நாலு பேரும் அன்னைக்குக் கட்டாயம் இருக்கணும்.

அஞ்சாவது லாரின் ஹில்லோட 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்', 1998. ராப்பும் பாட்டும் ஒரே தொண்டையில இருந்து வரும்போது எங்க மாறுதுன்னு கேளுங்க. ஆறாவது கெண்ட்ரிக் லமாரோட 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை', 2015. இதை முதல் வாரம் வச்சா கூட்டம் கலைஞ்சிடும். ஆறாவது வாரம் வச்சா எந்திரிச்சுப் போக மனசு வராது. மீதி ரெண்டு வாரத்தைத் தமிழுக்கு விட்டிருக்கேன். அதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

குன்றக்குடிச்_சந்தம்:

அண்ணன் சொன்ன ஆல்பங்களில் எனக்கு மறுப்பில்லை, வரிசையில்தான் மறுப்பு. தமிழைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். நம் காதில் ஏற்கெனவே இருக்கும் கணக்கிலிருந்து தொடங்கினால்தான் நாஸ் செய்வது என்னவென்று பிடிபடும்.

முதல் வாரம் யோகி பி, நட்சத்திராவின் 'வல்லவன்' வையுங்கள். மலேசியாவிலிருந்து 2006இல் வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் ஊர்க்காரர்கள் கணக்கெழுதிய அதே மண்ணில் வளர்ந்த தமிழ் இது. இளையராஜா 1980இல் 'நிழல்கள்' படத்துக்குப் போட்ட 'மடை திறந்து' மெட்டை எடுத்து அதன்மேல் ராப் கட்டியிருக்கிறார்கள். சாம்பிள் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்: பழைய பாட்டையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டால் போதும். எதை வைத்துக்கொண்டார்கள், எதை வெட்டினார்கள், வேகம் எவ்வளவு மாறியது என்று பத்துப் பேரும் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் தமிழ் ஆல்பம் அறிவும் ஒஃப்ரோவும் சேர்ந்து 2019இல் தந்த 'தெருக்குரல்'. பேசும் தமிழ் பேசியபடியே தாளத்தில் உட்கார்வதை அதில் கேட்கலாம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயாவின் 'காலா', 2007, ஆங்கிலம்தான். ஆனால் அதில் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் உருமி மேளம் இறங்குகிறது. காவடிக் கூட்டத்தில் நின்று பழகிய கால் சும்மா இருக்காது.

இனி எழுதுகிறவர்களுக்கு. நிமிடத்துக்கு 90 அடி என்று மெட்ரோனோம் வையுங்கள். ஒரு பாரில் நாலு அடி, அடிக்கு நாலு மாத்திரை, ஆக 16 மாத்திரை. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் (எட்டு அடிச் சுற்றில்) இரண்டு பார் அடங்கும். 16 பார் என்றால் எட்டு ஆவர்த்தனம், ஏறத்தாழ 43 விநாடி. திருப்புகழில் 'தத்தத்தன தத்தத் தனதன' என்றொரு சந்தம் இருக்கிறது. 'தத்' இரண்டு மாத்திரை, 'த', 'ன' ஒவ்வொன்று. கூட்டினால் 14. பதினாறில் இரண்டு மிச்சம். அந்த இரண்டில்தான் மூச்சு. 90இல் அது மூன்றில் ஒரு பங்கு விநாடி வரும், வாயால் ஒரு மூச்சு இழுக்கப் போதும். முதலில் சந்தத்தை மட்டும் பத்து முறை சொல்லுங்கள், பிறகு சொல்லை இட்டு நிரப்புங்கள். உதாரணத்துக்கு:

பத்துத்தெரு சுத்தித் திரிகிற
சத்தத்தொடு கொட்டித் தருகிற

அசை பிசகாது, எதுகை தானாக விழும்.

பலரும் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, வினைமுற்றை மட்டும் வைத்து இயைபு கட்டுவது. நடந்தேன், நின்றேன், பார்த்தேன் என்று 'ஏன்' ஒலியில் முடிப்பது இயைபே இல்லை. தமிழ் இலக்கணம் இலவசமாகக் கொடுத்த விகுதி. மூன்றாவது வரியிலேயே காது சலித்துவிடும். விகுதிக்கு முன்னால் உள்ள அசைகளும் ஒத்துவர வேண்டும். 'கல்லுக்கட்டி வெயிலு, சொல்லைக்கட்டிப் பயிலு' என்றால் ஏழு அசைக்கு ஏழு அசை நிற்கிறது, தலையில் எதுகை, வாலில் இயைபு. டூம் ஆங்கிலத்தில் செய்வது இதைத்தான்.

மற்றொன்று, தாளத்தில் இடம் மிச்சம் இருக்கிறது என்று குறிலை நெடிலாக இழுப்பது. ஆங்கிலத்தில் உயிரை இழுத்தாலும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் 'படு' இழுத்தால் 'பாடு', 'கொடு' இழுத்தால் 'கோடு', 'கல்' இழுத்தால் 'கால்'. பொருளே போய்விடும். இடம் மிஞ்சினால் மௌனமாக விடுங்கள் அல்லது ஒரு சொல்லைச் சேருங்கள். வேகம் கூடும்போது ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. 70இல் தெளிவாக வந்த பிறகு 5 அடி, 5 அடியாக ஏற்றுங்கள்; நேரே 90க்குப் போனால் நாக்கு பழைய குழப்பத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

பள்ளத்தூர்_ஒலி:

ஆல்பத்தை விட்டுட்டு மூணாவது கேள்விக்கு வர்றேன், ஏன்னா இதைச் சரி பண்ணலைன்னா எட்டு ஆல்பமும் ஒரே ஆல்பம் மாதிரிதான் கேட்கும்.

30, 20, 15 அடின்னா மீட்டர்ல சுமார் 9, 6, 4.5. கன அளவு 243. தரை, சுவர், மேல்தளம் எல்லாம் சேர்த்துப் பரப்பும் கிட்டத்தட்ட 243 சதுர மீட்டர் வருது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகின சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் மேல விழுற சத்தத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் உறிஞ்சும், மீதியைத் திருப்பி அனுப்பிடும். அதாவது மொத்தக் கூடமும் சேர்ந்து 6 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்குத்தான் உறிஞ்சுது. அறையில எதிரொலி எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்ற சபைன் கணக்குப்படி 0.161ஐ 243ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தா ஆறரை விநாடி எதிரொலி. வளவுப் பக்கம் கதவு ஜன்னல் திறந்து 8 சதுர மீட்டர், பத்துப் பேர் உட்கார்ந்தா இன்னொரு 5. ஆக 19, எதிரொலி ரெண்டு விநாடி. 90 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 90 அடி) ராப்பர் விநாடிக்கு ஆறு அசை சொல்றார். ரெண்டு விநாடின்னா பன்னிரண்டு அசை ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. நீங்க சொன்ன கூழு அதுதான். ஸ்பீக்கர் மேல குத்தமில்லை. சத்தத்தைக் கூட்டினா எதிரொலியும் கூடும், அதனால கூட்டிப் பிரயோஜனமில்லை.

செய்ய வேண்டியது: வீட்டுல விசேஷத்துக்கு வச்சிருக்கிற இலவம்பஞ்சு மெத்தை பத்து எடுங்க. ஆறுக்கு மூணு அடி, நாலு அங்குலக் கனம். ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவர்ல ஆறு, பக்கத்துக்கு ரெண்டுன்னு நிமிர்த்திச் சாய்ச்சு வைங்க. சுவருக்கும் மெத்தைக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருந்தா கீழ்க்குரல் சத்தத்தையும் பிடிக்கும். இது மட்டும் 13 சதுர மீட்டர் உறிஞ்சும். எதிரொலி 1.2 விநாடிக்கு இறங்கும். தரையில ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சு விரிங்க, கல்லுல பட்டு எழும்புற சத்தம் அடங்கும்.

சேலையோ திரையோ மட்டும் தொங்கவிடுறது பலர் செய்ற தப்பு. மெல்லிசுத் துணி 's' மாதிரியான சீறல் ஒலியைத்தான் தின்னும், பாஸை அப்படியே விட்டுடும். முடிவு, சத்தம் மங்கலாகி கும்முனு ஆயிடும், முன்னைவிட மோசம். இன்னொண்ணு, தயவுசெய்து அந்தச் சுவர்ல ஆணி அடிக்காதீங்க. மேல்பூச்சு கண்ணாடி மாதிரி பொரிஞ்சு விழும், அந்தப் பூச்சைத் திரும்பப் போட ஆள் கிடைக்கிறது கஷ்டம். தொங்கவிடணும்னா தூணுக்குத் தூண் கயிறு கட்டிக்கங்க.

ஸ்பீக்கரை மூலையில வைக்கக்கூடாது, மூலை பாஸை ஊதிப் பெருக்கும். சுவர்ல இருந்து மூணு அடி முன்னால, உட்கார்ந்தா காது உயரத்துக்கு முக்காலியில வைங்க. ஆட்கள் ரெண்டு வரிசையா நெருங்கி, முதல் வரிசை நாலு அடிக்குள்ள, ரெண்டாவது ஏழு அடிக்குள்ள. ரெண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரையும் தனித்தனி மூலையில வச்சு ஒண்ணா ஓட்டினா ஒண்ணு லேசாப் பிந்தும், வார்த்தைக்கு நிழல் விழும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, இல்லைன்னா ஒயர் போட்டு ஓட்டுங்க.

இவ்வளவும் முடியாதுன்னா இருட்டினப்புறம் வளவு நடுமுற்றத்துல உட்காருங்க. மேல வானம், அந்தப் பக்கம் போன சத்தம் திரும்பாது. மெத்தை இல்லாமலே கூடத்தைவிட நல்லாக் கேட்கும்.

ஒரே ஒரு சோதனை: முதல்ல 'த லோ எண்ட் தியரி'யில ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க. பாஸ் ஒவ்வொரு சுரமும் தனித்தனியா விழுந்தா எல்லாம் சரி. ஒரே சுரம் மட்டும் வீங்கிக் கேட்டா உட்கார்ற இடத்தை ரெண்டு அடி முன்னபின்ன நகர்த்துங்க. சின்ன ஸ்பீக்கர்ல பாஸே வரலைன்னா அது அறைக் கோளாறு இல்லை, அந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ இறங்க வராது.

செக்காலை_கேசட்:

அண்ணே, மெத்தைக் கணக்குக்கு ரொம்ப நன்றி, பத்தும் வீட்டுலயே இருக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். பக்கத்துக் கட்டுல ஆச்சிமார் இருக்காங்க. கெட்ட வார்த்தை வர்ற ஆல்பத்துக்கு 'கிளீன்' பதிப்பு போட்டா போதுமா? கெண்ட்ரிக் ஆல்பம் கிட்டத்தட்ட 79 நிமிஷம், ரெண்டு வாரமாப் பிரிச்சுக்கலாமா?

புதுவயல்_16:

கிளீன் பதிப்பு வேண்டாம் சகோ. வார்த்தையை அமுக்கிட்டு அந்த இடத்தை வெறுமையா விட்டுடுவாங்க. பல சமயம் அமுக்கப்பட்ட சொல்லே இயைபுச் சொல்லா இருக்கும். வரி நொண்டும், எழுதுறவங்க தப்பாப் படிச்சுக்குவாங்க. லாரின் ஹில்லை ஆச்சிமார் இருக்கும்போதே போடலாம். வூ-டாங், கெண்ட்ரிக் ரெண்டையும் அவங்க கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்து வைங்க. பெரியவங்க இருக்கிற வீட்டுல அந்த மரியாதை வேணும்.

கெண்ட்ரிக்கைப் பிரிக்கவே கூடாது. பாட்டுக்கு நடுவுல ஒரு கவிதை வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போய், கடைசிப் பாட்டுலதான் முழுசா வரும். அதுக்கப்புறம் மறைஞ்ச ராப்பர் டூபாக் 1994ல கொடுத்த பேட்டியை வெட்டி ஒட்டி, கெண்ட்ரிக் அவரோட நேர்ல பேசுற மாதிரி அமைச்சிருப்பாங்க. பாதியில விட்டா அந்தக் கவிதை சேராது.

செயலியில மூணு இடம் பாருங்க. ஷஃபிள் அணைச்சிருக்கணும். க்ராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள அடுத்ததை மேல ஏத்துறது) பூஜ்யம். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் அணைச்சு வைங்க. க்ராஸ்ஃபேட் அஞ்சு விநாடி இருந்தாலே 'மேட்வில்லனி' மாதிரி குட்டிக்குட்டிப் பாட்டு இருக்கிற ஆல்பம் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். எட்டு வாரம் முடிஞ்சு நேரம் இருந்தா ஜே டில்லாவோட 'டோனட்ஸ்' போடுங்க, 2006. ராப்பே கிடையாது, 31 பீட் மட்டும். முதல் பதிவுக்குப் பேர் முடிவுரை, கடைசிக்குப் பேர் முன்னுரை. திரும்ப ஓடவிட்டா வட்டமாச் சேரும். எழுதுறவங்க அதுமேல தங்களோட 16 பாரைச் சொல்லிப் பார்க்கலாம்.

தேவகோட்டை_ரெக்கார்டு:

குன்றக்குடித் தம்பி சொன்னது நியாயம், வரிசையை மாத்திக்கிறேன். முதல் வாரம் 'வல்லவன்', ரெண்டு 'இல்மாட்டிக்', மூணு 'த லோ எண்ட் தியரி', நாலு 'என்டர் த வூ-டாங்', அஞ்சு 'தெருக்குரல்', ஆறு லாரின் ஹில், ஏழு 'மேட்வில்லனி', எட்டு கெண்ட்ரிக். 'காலா'வை உருமிப் பாட்டு ரெண்டுக்காக 'தெருக்குரல்' அன்னைக்கே கடைசியில சேர்த்துக்கங்க.

'தெருக்குரல்'ஐ அஞ்சுல வச்சதுக்குக் காரணம் இருக்கு. மூணு வாரம் வாக்கியம் பாரைத் தாண்டுறது, குரல் கைமாறுறது எல்லாம் ஆங்கிலத்துல கேட்ட காது, அன்னைக்குத் தமிழ்ல கேட்கும்போது ஒரு சொல்லையும் தவறவிடாது. எட்டாவது வாரத்துக்கு மட்டும் சாயங்காலம் அஞ்சரைக்கே ஆரம்பிச்சிடுங்க. காபி, பலகாரம் எல்லாம் முன்னாலேயே முடிஞ்சிருக்கணும். நடுவுல தம்ளர் சத்தம் கேட்டா அந்தக் கூடத்துல அதுவும் ஒரு விநாடிக்கு மேல நிக்கும்.